பதிவேட்டில் இடம்பெறாத பெயர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற சட்ட விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

'குடியுரிமையும் நாமும்' என்னும் தலைப்பில் பேசுமாறு நிர்வாகக் குழு பணித்தபோது, 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றிய உரையையே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருவோம். எனினும் அதற்கு முன்னால், நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஏறினால் காலையில் சென்று நண்பகல் தொழுகைக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் வாழும் சில ஆயிரம் மக்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். குல்லூர்சந்தையிலும் ஆனைக்குட்டத்திலும் கண்டியாபுரத்திலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களை நாம் அறிவோம். அங்கிருந்து வரும் இளைஞர்கள் நம் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள். கட்டுமானப் பணிகளில் சித்தாளாகவும் கொத்தனாராகவும் நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்தாரோ வன்னியைப் பூர்வீகமாகக் கொண்டோரோ அல்லர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்களுடைய பாட்டனும் பூட்டனும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, பழைய இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டம் என்றால், 1985 வரை நாமும் அதற்குள் இருந்தவர்களே. ஆகவே, சட்டத்தின் ஏட்டில் அந்நியர் என்று குறிக்கப்பட்டிருக்கும் ஒருவர், வம்ச வழியில் நம் பக்கத்துக் கிராமத்துக்காரராகவே இருக்கக்கூடும்.

பதிவேட்டின் மதிப்பைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையாயினும் தீப்பெட்டி ஆலையாயினும், மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவரே தொழிலாளி. பெயர் ஏறாதவர் பல ஆண்டுகள் மருந்து செலுத்தியிருந்தாலும், விபத்து நேர்ந்த மறுநாள் அவர் அங்கே வேலை பார்த்தவர்தாம் என்று நிறுவும் பாரம் அவருடைய குடும்பத்தின் தலையில் விழுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில், ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமின்றி, புகையைக் கண்டு உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் மாண்டனர். அவர்களுடைய பெயர்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் இருந்திருக்க வழியில்லை. உயிர் இருந்தது, உழைப்பு இருந்தது, உறவு இருந்தது. ஏட்டில் மட்டும் இடமில்லை. ஒரு மனிதருக்கு ஓர் ஆலையில் இந்நிலை ஏற்பட்டாலே குடும்பம் நிலைகுலைகிறது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களுக்கு ஒரு நாட்டின் ஏட்டில் இடமில்லாமற் போனது 1948ஆம் ஆண்டில்.

அதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1820களில் காப்பித் தோட்டங்களுக்காக இம்மக்கள் முதன்முதலாக இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1870களில் காப்பிச் செடியில் நோய் விழுந்து அத்தொழில் அழியத் தொடங்கியதும் தேயிலை வந்தது. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினர். கடன் சுமையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தச் சீட்டைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி செல்ல இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்று அந்தத் தகரம் சொல்லும். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்து வைத்து, நோய் நொடி பார்த்து, பிறகே கப்பலேற்றினர். கொண்டு செல்லும்போது ஒவ்வோர் ஆளையும் எண்ணிட்டுக் கணக்கில் வைத்த ஆட்சிமுறைதான், பின்னாளில் அதே ஆளின் பேரனிடம், 'உன் பாட்டன் இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று உண்டா?' என்று கேட்டது.

1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடிமகனாகக் கருதப்பட வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் அப்பாட்டனின் தந்தையும் அங்கே பிறந்தவர்களாக இருத்தல் வேண்டும். இந்த விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது எல்லோருக்கும் பொதுவான விதியாகவே தோன்றும். ஆயினும் கண்டியிலோ காலியிலோ ஒரு சிங்கள விவசாயியிடம் பாட்டனின் பிறப்புச் சான்றை எவரும் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டது லயத்தில் வாழ்ந்த தொழிலாளியிடம் மட்டுமே. தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு செய்து, அந்தத் தாளை இரண்டு தலைமுறை காத்து வைக்கும் வசதி அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

உலக மனித உரிமைப் பிரகடனம் அதே 1948 டிசம்பர் 10 அன்று நிறைவேறியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துக்குரிய உரிமை உண்டு என்பது அதன் 15ஆம் பிரிவு. இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 25 நாட்களே ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின் பெயரில் பாகிஸ்தானும் இடம்பெற்றிருப்பதைக் கேட்டு இங்கே சிலர் வியப்படையலாம். தோட்டத் தொழிலாளரோடு, கொழும்பிலும் பிற நகரங்களிலும் வணிகம் செய்துவந்த இந்திய முஸ்லிம்களும் இந்தச் சட்டங்களின் பிடிக்குள் வந்தனர். 'சம்மான்காரர்' என்று அந்நாட்டு மக்கள் அழைத்தது அவர்களைத்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாகவே எண்ணப்பட்டனர். கடல் கடந்து கடை வைத்த பாட்டனாரைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. தோட்டத்துக் கூலியாளும் கொழும்புக் கடைக்காரரும் வாழ்க்கை நிலையில் வெகு தொலைவில் இருந்தவர்கள். இந்தச் சட்டத்தின் முன்னால் ஒரே வரிசையில் நின்றார்கள்.

திருமணமானவர் எனில் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் எனில் பத்து ஆண்டுகள் இலங்கையில் தொடர்ந்து வசித்ததை மெய்ப்பிக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அவ்விண்ணப்பங்களில் இருந்தன. முடிவில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். தாய்க்கு உடல்நலமில்லை என்று ஊருக்குப் போய் வந்ததும், தம்பிக்குப் பணம் அனுப்பியதும் எதிரான சாட்சியங்களாகக் கொள்ளப்பட்டன. பிறந்த மண்ணோடு தொடர்பு வைத்திருப்பவன் இந்த மண்ணுக்கு உரியவனாக இருக்க முடியாது என்பது அதிகாரிகளின் தர்க்கம். வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்கு அந்தத் தர்க்கத்தின் கொடுமை எளிதில் விளங்கும்.

குடியுரிமையோடு வாக்கும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களில் ஒருவர். 1952 தேர்தலில் அக்கட்சியிலிருந்து ஒருவரும் இல்லை. அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகமும் பலன் தரவில்லை. கொடக்கன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு நாடு தன் குடிமக்கள் யார் என்று வரையறுக்கும் அதிகாரம் உடையது, இதில் இனப் பாகுபாடு இல்லை என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தார்கள்; அதன் விளைவைப் பார்க்கவில்லை.

இந்தியா என்ன செய்தது என்று கேட்பீர்கள். நம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவின்படி, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து குடிமகனாகலாம். இம்மக்கள் இலங்கைக்கே உரியவர்கள் என்பது பண்டித நேருவின் நிலைப்பாடு. கொள்கையளவில் அது நியாயமானதே. ஆனால் இலங்கை 'உம்முடையவர்' என்றும், இந்தியா 'உம்முடையவர்' என்றும் சொல்லிக்கொண்டிருந்த பதினாறு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே நாடற்று வளர்ந்துவிட்டது.

1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தந்தால் இந்தியா ஏழு பேரை அழைத்துக்கொள்ளும் என்னும் விகிதக் கணக்கும் உண்டு. மூட்டைகளுக்குப் பேசும் பேச்சு இது. அன்று அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தவர் நம் விருதுநகர்க் காமராசர் என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. தோட்டங்களில் இருந்த எவரையும் கேட்டு இந்த எண்கள் முடிவாகவில்லை. அண்ணன் பெயர் இந்தியப் பட்டியலிலும் தம்பி பெயர் இலங்கைப் பட்டியலிலும் விழுந்த குடும்பங்கள் உண்டு.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் சூட்டப்பட்டது. மண்டபம் மீண்டும் அவர்களுடைய தங்குமிடம் ஆயிற்று. பாட்டன் போன வழியிலேயே பேரன் வந்து இறங்கினான். கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் இரப்பர்த் தோட்டங்கள், கூட்டுறவு நூற்பாலைகள், வணிகக் கடன் எனப் பல மறுவாழ்வுத் திட்டங்கள் இருந்தன. இன்று நாம் நகைக்கடன் வாங்கும் ரெப்கோ வங்கி, இவர்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்காக 1969இல் தொடங்கப்பட்டதே என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். திட்டம் கைக்கு எட்டியவர்கள் தலைநிமிர்ந்தனர். எட்டாதவர்கள் கொடைக்கானல் மலைக்காடுகளில் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கிய அவலமும் நடந்தது. என்ன துன்பப்பட்டிருந்தாலும் அவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று வாக்களிக்கிறார்கள், அரசுப் பணியில் இருக்கிறார்கள்.

இனி, முகாமுக்கு வருவோம். 1977, 1981 கலவரங்களில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்ட பல குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சென்று காடு திருத்திக் குடியேறின. 1983 ஜூலைக்குப் பின் அங்கேயும் இருக்க முடியாமல் படகேறி இராமேசுவரக் கரை சேர்ந்தனர். தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. ஒப்பந்தத்தின் காலமோ 1981லேயே முடிந்திருந்தது. கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோரும், கடவுச்சீட்டு வாங்கிவைத்துவிட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் வாழ்ந்த இரண்டு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். 1978இல் கப்பலில் வந்த குடும்பம் இந்தியக் குடும்பம். 1984இல் படகில் வந்த குடும்பம் அகதிக் குடும்பம். இருவருடைய பாட்டனும் ஒரே கண்மாய்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களாக இருந்தாலும் சட்டம் அதைக் கேட்பதில்லை. எந்த ஆண்டு, எந்தக் கலம் என்பதை மட்டும் கேட்கிறது.

தமிழக முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்வதாக 2021இல் அரசு கணக்குக் கொடுத்தது. அவர்களுள் மலையக வம்சாவழியினர் 30,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. அவ்வாண்டு தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவது உள்ளிட்ட 317 கோடி ரூபாய் நலத்திட்டத்தையும் அறிவித்தது. பணக்கொடை உண்டு, அரிசி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. இவற்றைக் குறைத்துச் சொல்வது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் வீட்டைக் கட்டித்தரும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. குடியுரிமையைத் தரும் அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே இருக்கிறது. முகாமில் வளர்ந்து நன்கு படித்துத் தேறிய பிள்ளை, அரசுத் தேர்வாணைய விண்ணப்பத்தில் 'குடியுரிமை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைக்கிறது. சேமித்த பணத்தில் தன் பெயரில் இரண்டு சென்ட் மனை வாங்க முடியாது. வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. கணக்கெடுப்பு நாளன்று, எங்கே வேலையில் இருந்தாலும் முகாமுக்குத் திரும்பிக் கையொப்பமிட வேண்டும். நாற்பது ஆண்டுகளாக இது நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இது முகாமில் உள்ளோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிறந்த நாளைக் கொண்டு மக்களை மூன்றாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருப்பினும், பிறப்பால் குடிமகன். தூதரகப் பணியாளர் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராக இருக்க வேண்டும். உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் வந்தவரே சட்டவிரோதக் குடியேறி. குண்டுக்குப் பயந்து நள்ளிரவில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா முத்திரை வாங்கியிருப்பார்? ஆயினும் அந்தச் சொல் அவர்மீது விழுந்தவுடன், பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை கேட்கும் கதவு அடைபடுகிறது. இந்திய வம்சாவழியினர் ஏழு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது 5ஆம் பிரிவு. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அந்தப் பிரிவு பயன்படாமற் போவது அந்த ஒரு சொல்லால்தான்.

இந்தப் பூட்டைத் தட்டிப் பார்த்தது மதுரைக் கிளை உயர்நீதிமன்றம். மலையக வம்சாவழியைச் சேர்ந்த 65 மனுதாரர்களின் வழக்கில் 2019 ஜூன் 17 அன்று நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மாவட்ட ஆட்சியர் அதை மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்பது உத்தரவின் சாரம். இந்திய வம்சாவழியினரான இவர்களை, பிற அகதிகளோடு ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது என்னும் பார்வை அத்தீர்ப்பில் இருக்கிறது. அது எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் கேட்பதற்கு வழி உண்டு என்று காட்டிய தீர்ப்பு. 2022இல் அதே நீதிமன்றம், 1987 ஜூலைக்கு முன் தமிழகத்தில் பிறந்த முகாம் பெண்மணி ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. அவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். முகாமில் வாழும் ஒருவர் இந்திய வாக்காளராக வாக்குச்சாவடிக்குள் நுழைந்தது பெருஞ்செய்தியாகப் பேசப்பட்டது. சட்டம் அவருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. பிறந்த அன்றே அவருக்கு இருந்த உரிமை அது. ஒரு பிறப்புச் சான்றிதழைக் கையிலெடுத்து நீதிமன்றத்துக்குச் செல்ல முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

2019 திருத்தச் சட்டத்துக்கு வருவோம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்னும் வரையறையிலிருந்து அது விலக்கியது. அதன் விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியிடப்பட்டன. முஸ்லிம்கள் விடுபட்டதைக் குறித்து நாம் வீதியில் நின்று பேசினோம். அது நம் உரிமை. அதே சட்டத்தில் இலங்கையும் விடுபட்டிருந்தது. முகாமில் இருப்போரில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறித்தவர்களும் ஆவர். ஆறு சமயங்களின் பட்டியலில் அவர்களுடைய சமயம் இருக்கிறது. மூன்று நாடுகளின் பட்டியலில் அவர்கள் வந்த நாடு இல்லை. 2021 செப்டம்பர் 8 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய எதிர்ப்புத் தீர்மானத்தின்போது இலங்கைத் தமிழர் புறக்கணிப்பும் பேசப்பட்டது. நம்முடைய மேடைகளில் அது இன்னும் உரக்கப் பேசப்பட்டிருக்கலாம் என்பது எமது கருத்து.

2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தலைக்கு மேலே தொங்கிய கத்தியை அகற்றிய ஆணை என்ற அளவில் வரவேற்கத்தக்கது. குடியுரிமைக்கும் அதற்கும் இடையே இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது.

'இலங்கைதான் இப்போது எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டதே, திரும்பிப் போகலாமே' என்று நம்மிடையே கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 1986, 1988 சட்டங்களாலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் இலங்கை தன் பழைய தவற்றைத் திருத்திக்கொண்டது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்தவரும் அவர் வழிவந்தோரும் குடிமக்களாகலாம் என்று அச்சட்டம் சொல்லிற்று, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு பத்தே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டுச் சிக்கல், மனம் வைத்தபோது பத்து நாள் வேலையாக முடிந்தது. 2009இல் இந்தியாவுக்கு வந்துவிட்டோரையும் உள்ளடக்கி அதைத் திருத்தினார்கள். எனவே, திரும்ப விரும்புவோருக்கு வழி இருக்கிறது. அவர்களுக்கும் ஆவணங்கள் வேண்டும். இங்கே பிறந்த குழந்தையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் அக்குழந்தைக்கு அந்த நாடாவது உண்டு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் இப்பணியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். ஆனால் லயத்து அறையும் இல்லாமல், நிலமும் இல்லாமல், சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்த மலைக்குப் போவது? போவதா இருப்பதா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். 1964இல் அவர்களைக் கேட்காமல் எண்ணிப் பிரித்தது போல இன்னொரு முறையும் நடக்கலாகாது.

இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று இது. பர்மாவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் 1823ஐ எல்லைக் கோடாக வைத்தது. அதற்கு முன் அங்கே நிலைபெற்ற இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்றது. ரோஹிங்கியா மக்கள் நாடற்றோர் ஆயினர். 2017இல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஆற்றைக் கடந்து வங்கதேசம் வந்தனர். அங்கும் முதலில் வந்தது சட்டத்தின் ஒரு வரி. தீ வைப்பு பின்னால் வந்தது. நம் நாட்டில் அஸ்ஸாமின் குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியானபோது 19 இலட்சம் பேரின் பெயர்கள் அதில் இல்லை. எழுத்துப் பிழையால் விடுபட்டோர், மணமாகி வேறூர் சென்றதால் தந்தையோடு தொடர்பு காட்ட இயலாத பெண்கள் அதில் ஏராளம். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பெற்றோரின் பெயரைப் பழைய பட்டியலில் தேடி நம் தெருக்களிலும் எத்தனை பேர் அலைந்தார்கள் என்பதைக் கண்கூடாகக் கண்டோம். அப்துல் காதர் என்பதை மூன்று தாள்களில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும் சமுதாயம் நாம்.

இப்போது நிர்வாகக் குழுவின் முன்னுள்ள முன்மொழிவுக்கு வருகிறோம். நமது ஜமாஅத்தின் சான்றிதழ் உதவி மையம் ஞாயிறுதோறும் இயங்கி வருகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறன்று அந்த மையத்தை முகாம் குடும்பங்களுக்கும் திறந்துவிடலாம் என்பது முன்மொழிவு. நம் பிள்ளைகளுக்கு எழுதவே ஆள் போதவில்லை என்று சில பெரியோர் தயங்குவதை அறிவோம். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. தன்னார்வலர் நால்வர் கூடுதலாகத் தேவைப்படுவர். வழக்கறிஞரின் பணியை நாம் செய்ய வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அதை நாடுவதற்கான இடம் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம். ஆவணங்களை ஒழுங்குபடுத்தி அதுவரை கொண்டு சேர்ப்பது மட்டுமே நம் வேலை.

முதலில் தேட வேண்டியவை இவை: தோட்டத்துப் பிறப்புச் சான்று, பாட்டன் பெயரும் சொந்த ஊரும் குறிக்கப்பட்ட எந்தத் தாளாயினும், கண்டித் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை, காலாவதியான கடவுச்சீட்டு, வந்திறங்கிய நாளன்று மண்டபத்தில் போட்ட பதிவு. காலாவதியானது என்று எதையும் எறிந்துவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவர் குடிமகன் என்று மெய்ப்பிக்கப்பட்டால், 2004க்கு முன் பிறந்த அவருடைய பிள்ளைகளின் நிலையும் மாறும். ஆகையால் ஒவ்வொரு குடும்பத்திலும் 1983க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இங்கே பிறந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டியிருக்கும்; மருத்துவமனையிலோ ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அந்தப் பிறப்பு பதிவாகியிருந்தால், அந்தப் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பிப்பதே முதல் ஞாயிற்றின் வேலை.